அம்மாவோட அசிட்ரோம், முட்டி வலி ஊசி, முருங்கைக்கீரை: கேட்ட எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பதில்

நீங்க கேட்டதை முதல்ல ஒரு தடவை சுருக்கமா சொல்லிடறேன், வேற யாராவது படிச்சாலும் புரியணும்ல. அம்மாவுக்கு 62 வயசு. சின்ன வயசுல தொண்டை வலி, மூட்டு வீக்கம்னு ருமாட்டிக் காய்ச்சல் வந்து அதோட பின்விளைவா இதயத்தோட இடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கற மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கு, எக்கோல சுருக்கம் மிதமானதுன்னு போட்டிருக்கு, ஈசிஜில துடிப்பு ஒழுங்கில்லாம ஓடுது, டாக்டருங்க ஏஎஃப்னு சொல்ற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மாத்திரை நாலு: ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம், துடிப்போட வேகத்துக்கு மெட்டோப்ரோலால் 50, டிகாக்சின் அரை மாத்திரை வாரத்துக்கு 5 நாள், நீர் போறதுக்கு ஒரு டைட்டர். இப்ப படபடப்பு நின்னு போச்சு. அதனால குறைக்கலாமா, முட்டி வலிக்கு தெருமுனை கிளினிக்ல ஊசி போட்டுக்கலாமா, கீரைய அடியோட நிறுத்தணுமா, ரத்த டெஸ்ட்டே தேவையில்லன்னு எதிர்வீட்டு மாமா சாப்பிடற புது மாத்திரைக்கு மாறிக்கலாமா, கடைசியா பல்லு புடுங்கணும்னா என்ன பண்றது. இவ்வளவுதான கேள்வி.

நான் டாக்டர் இல்ல, ஆஸ்பத்திரி ஃபார்மசில ரொம்ப வருஷமா இருக்கேன், இதய வார்டுலேர்ந்து டிஸ்சார்ஜ் ஆகறவங்கள உக்கார வச்சு எந்த மாத்திரை எதுக்கு, எப்படி சாப்பிடணும்னு சொல்றது என் வேலை. டோஸ் கூட்டறது குறைக்கறது உங்க கார்டியாலஜிஸ்ட் கையில, அதுல நான் தலையிடல. ஆனா நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி நோயாளிங்க மறுபடி அட்மிட் ஆகறது பெரும்பாலும் டாக்டர் எழுதின சீட்டால இல்ல, அந்த சீட்டுக்கு வெளியில இருந்து வந்து சேர்ற ஒரு ஊசி, ஒரு ஆண்டிபயாடிக், இல்லன்னா நல்லாத்தான இருக்கோம்னு நாமளே நிறுத்தற ஒரு மாத்திரை, இதனாலதான்.

முதல் கேள்விக்கு வர்றேன். படபடப்பு நின்னதுக்கு காரணம் மெட்டோப்ரோலாலும் டிகாக்சினும் வேலை செய்யறதுதான், நோய் போனதால இல்ல. ரெண்டும் துடிப்போட வேகத்த குறைக்குது, தாறுமாற சரி பண்ணல, இன்னிக்கு ஈசிஜி எடுத்தாலும் அதே ஏஎஃப் தான் இருக்கும். மெட்டோப்ரோலால திடீர்னு நிறுத்தினா துடிப்பு முன்ன இருந்தத விட வேகமா எகிறும், வால்வு சுருங்கின இதயத்துக்கு வேகமா அடிக்கறதுதான் பெரிய எதிரி, ஏன்னா அந்த சின்ன ஓட்டை வழியா ரத்தம் இறங்க நேரம் வேணும், நேரம் கிடைக்கலன்னா ரத்தம் பின்னாடி நுரையீரல்ல தேங்கி மூச்சு திணறல் வந்துடும். அதனால ஊருக்கு போறப்ப மாத்திரை தீந்து போச்சு, ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்கலாம்ங்கற பேச்சே வேண்டாம், ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்பவும் கையிருப்புல இருக்கணும். எக்ஸ்எல்னு போட்ட மெட்டோப்ரோலால் மெதுவா கரையற மாதிரி செஞ்சது, முழுங்க கஷ்டமா இருக்குன்னு பொடி பண்ணி தண்ணில கலக்கி குடுக்காதீங்க.

அசிட்ரோம் கதை வேற. அது படபடப்புக்கு குடுக்கறதே இல்ல. மேல் அறை ஒழுங்கா சுருங்காம நடுங்கிட்டே இருந்தா ரத்தம் அங்க தேங்கும், முக்கியமா இடது மேல் அறைல இருக்கற ஒரு சின்ன பை மாதிரி இடத்துல தேங்கி உறைஞ்சு கட்டியாகும், அந்த கட்டி ஒரு நாள் பிச்சுக்கிட்டு மூளைக்கு போனா பக்கவாதம். சாதாரண ஏஎஃப்லயே பக்கவாத அபாயம் 5 மடங்குன்னு சொல்வாங்க, மைட்ரல் சுருக்கமும் சேந்தா அதை விட ரொம்பவே அதிகம். இதுல மோசம் என்னன்னா அசிட்ரோம் சாப்பிட்டாலும் உடம்புக்கு ஒண்ணும் தெரியாது சாப்பிடலன்னாலும் ஒண்ணும் தெரியாது, அதனால காசு குறைக்கணும்னா வீட்ல முதல்ல வெட்டு விழறது இதுக்குத்தான். வெட்டவே கூடாத மாத்திரை அதுதான்.

இதோட சேத்து இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா யாராவது ஒரு சொந்தக்காரர் கண்டிப்பா சொல்வார், ரத்தத்த லேசாக்க எக்கோஸ்பிரின், அதாவது ஆஸ்பிரின் போதுமே இந்த மாத்திரை எதுக்குன்னு. ஆஸ்பிரின் ரத்தத்துல உறையறதுக்கு உதவற தட்டணுக்கள் மேல வேலை செய்யறது, ஏஎஃப்ல தேக்கத்தால உறையற கட்டிக்கு அது பத்தாது. அசிட்ரோம் மாதிரி வார்ஃபரின் வகை மாத்திரை ஒத்துக்காதவங்களுக்கு ஆஸ்பிரின் குடுக்கறதா, அபிக்ஸபான்ங்கற புது மாத்திரை குடுக்கறதான்னு அவெரோஸ்னு ஒரு ஆய்வு 2011ல வந்துச்சு, பக்கவாதத்த அபிக்ஸபான் பாதிக்கும் மேல குறைச்சிடுச்சு, பெரிய ரத்தக்கசிவு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருந்துச்சு. அதாவது ஆஸ்பிரின்ல பாதுகாப்பும் கம்மி, ரத்தக்கசிவு பயமும் அப்படியேதான் இருக்கு. டாக்டர் ஸ்டென்ட் மாதிரி வேற காரணத்துக்காக எழுதியிருந்தா ஒழிய அசிட்ரோமோட எக்கோஸ்பிரின நீங்களா சேக்கவும் வேண்டாம், ரெண்டும் சேந்தா வயித்துல ரத்தம் கசியற பயம் கூடும்.

இப்ப எதிர்வீட்டு மாமா. அவர் சாப்பிடறது டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் இதுல ஏதோ ஒண்ணா இருக்கும். நல்ல மாத்திரைங்கதான், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகுதுன்னு காட்டற ஐஎன்ஆர் டெஸ்ட்ட மாசா மாசம் பாக்க வேண்டாம், கீரை கணக்கு வேண்டாம், ஜெனரிக் வந்த பிறகு விலையும் இறங்கிடுச்சு. ஆனா உங்க அம்மாவுக்கு அது இல்ல, காரணம் அந்த வால்வு. ருமாட்டிக் காய்ச்சலால வால்வு கெட்டு ஏஎஃப் வந்தவங்க 4500 பேருக்கு மேல சேத்து ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா நாடுகள்ல இன்விக்டஸ்னு ஒரு ஆய்வு நடத்தி 2022ல வெளியிட்டாங்க, பாதி பேருக்கு ரிவரோக்ஸபான், பாதி பேருக்கு பழைய வார்ஃபரின் வகை. புதுசுதான் ஜெயிக்கும், இல்லன்னா சமமாவாவது வரும்னு எதிர்பாத்தாங்க, ஆனா பழைய மாத்திரை சாப்பிட்டவங்கள்ல இறப்பு குறைவா இருந்துச்சு. உலோக வால்வு மாத்தினவங்களுக்கும் இதே கதைதான், டாபிகாட்ரான வச்சு பண்ணின ஆய்வ கட்டியும் ரத்தக்கசிவும் ரெண்டுமே அதிகமாகி பாதியிலேயே நிறுத்திட்டாங்க. அதனால டாக்டர் பழைய மருந்தையே பிடிச்சுக்கிட்டு இருக்கார்னு நினைக்காதீங்க, உங்க அம்மா விஷயத்துல பழசுதான் சரியான மருந்து.

மாமாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. ரத்த டெஸ்ட் இல்லங்கறதால நேரம் தவறலாம்னு அர்த்தம் இல்ல, அந்த மாத்திரைங்களோட வேலை ஒரு நாளுக்குள்ளயே இறங்கிடும், ரெண்டு வேளை விட்டா கவசமே இல்லாம நிக்கற மாதிரி. ரிவரோக்ஸபான் 15, 20 மில்லிகிராம் வயிறு நிறைய சாப்பிட்டுட்டுத்தான் போடணும், வெறும் வயித்துல போட்டா முழுசா உடம்புல சேராது. டாபிகாட்ரான் கேப்ஸ்யூல பிரிச்சு பொடிய மட்டும் குடுக்கக்கூடாது, அளவுக்கு மேல ஏறிடும், ஈரக்காத்து பட்டா கெட்டும் போகும், அதனால கிழமை போட்ட அந்த பிளாஸ்டிக் டப்பாவுல அத கொட்டி வைக்காம அதோட சொந்த அட்டையிலயே விடணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட் பாக்கணும், வயசானவங்க இன்னும் அடிக்கடி.

ஐஎன்ஆர் பத்தி. அம்மாவுக்கு 2க்கும் 3க்கும் நடுவுல இருக்கணும், அதுக்கு கீழ போனா கட்டி உறையற பயம், மேல போனா ரத்தக்கசிவு பயம். ஆரம்பத்துல சில நாளுக்கு ஒரு தடவை, நிலையாயிட்டா பொதுவா 4 வாரத்துக்கு ஒரு தடவை. லேப் ரிப்போர்ட்ல பிடின்னு, ரத்தம் உறைய ஆகற நேரம் செகண்ட் கணக்குல ஒண்ணு இருக்கும், அத பாத்து பயப்படாதீங்க, ஐஎன்ஆர் எவ்வளவுன்னு மட்டும் பாருங்க, முடிஞ்சா ஒரே லேப்லயே எடுங்க. ஒவ்வொரு தடவையும் தேதி, ஐஎன்ஆர், அன்னிக்கு ஓடற டோஸ், மூணையும் ஒரு நோட்டுல எழுதுங்க, டாக்டர் டோஸ் மாத்தறதுக்கு ஒரு ரிப்போர்ட்ட விட அந்த நோட்டுதான் உதவும். 5க்கு மேல வந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போன் பண்ணுங்க, அன்னிக்கு ராத்திரி மாத்திரைய போடறதுக்கு முன்னாடியே.

டோஸ எப்பவும் மில்லிகிராம்ல பேசுங்க, மாத்திரை எண்ணிக்கைல பேசாதீங்க. அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம்னு தனித்தனியா வருது, கடைல 2 இல்லன்னா 1 இருக்குன்னு எடுத்து குடுப்பாங்க, வீட்ல வழக்கம்போல ஒண்ணு போடுவோம், டோஸ் பாதியாயிடும், மாத்தி 4 வந்தா ரெட்டிப்பாயிடும். நம்ம ஊர்ல அட்டைய கத்தரிக்கோலால வெட்டி அஞ்சு பத்துன்னு குடுக்கற பழக்கம் வேற, பேரும் அளவும் எக்ஸ்பைரியும் மத்த பாதில போயிடும். இந்த ஒரு மாத்திரைக்காவது முழு அட்டையா கேட்டு வாங்குங்க, பில்லோட. ஒரு நாள் 2, மறுநாள் 3ன்னு மாத்தி மாத்தி எழுதியிருந்தா மனக்கணக்கு ஆகவே ஆகாது, தினசரி காலண்டர்ல மாசம் முழுக்க முன்கூட்டியே எழுதி வச்சு போட்டதும் டிக் அடிங்க.

நேரம் சாயங்காலம் 6, 7 மணி வாக்குல வச்சுக்கறது நல்லது, ஏன்னா காலைல ரத்தம் குடுத்தா மதியத்துக்குள்ள ரிசல்ட் வந்து டாக்டர் டோஸ் மாத்தினா அன்னிக்கே மாத்திப் போடலாம். ஒரு நாள் மறந்துட்டா அன்னிக்கு ராத்திரிக்குள்ள ஞாபகம் வந்தா போட்டுக்கலாம், மறுநாள்தான் ஞாபகம் வந்ததுன்னா போனது போகட்டும், வழக்கமான டோஸ் மட்டும், விட்டதுக்கும் சேத்து ரெண்டா போடவே கூடாது. நோட்டுல மட்டும் குறிச்சு வைங்க, இல்லன்னா ஐஎன்ஆர் குறைஞ்சதுக்கு காரணம் தெரியாம டாக்டர் டோஸ கூட்டிடுவார்.

இந்த மாத்திரைய நெட்ல தேடினா எலி மருந்துன்னு வரும், பாத்துட்டு பயந்து நிறுத்தினவங்கள பாத்திருக்கேன். விஷயம் உண்மைதான், பயம்தான் தேவையில்லாதது. 1920கள்ல கனடாவுலயும் அமெரிக்காவோட வடக்கு பக்கத்துலயும் கெட்டுப்போன ஸ்வீட் க்ளோவர் வைக்கோல தின்ன மாடுங்க சின்ன காயத்துக்கே ரத்தம் நிக்காம செத்துச்சுங்க, 1933ல விஸ்கான்சின் விவசாயி ஒருத்தர் உறையாத மாட்டு ரத்தத்த ஒரு கேன்ல எடுத்துக்கிட்டு கார்ல் பால் லிங்க்னு ஒரு விஞ்ஞானியோட லேப்புக்கு போக, அங்க ஆரம்பிச்ச ஆராய்ச்சில வந்ததுதான் வார்ஃபரின். 1948ல எலிக்கு வித்தாங்க, 1954ல மனுஷங்களுக்கு அனுமதி, 1955ல அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தப்ப அவருக்கே குடுத்தாங்க. அசிட்ரோம்ல இருக்கற அசினோகூமரால் அதோட பங்காளி. எலி அளவில்லாம திங்குது, நாம ஐஎன்ஆர் பாத்து அளந்து சாப்பிடறோம், வித்தியாசம் அவ்வளவுதான்.

கீரை. அடியோட நிறுத்த வேண்டாம், அப்படி சொல்றவங்க பாதி புரிஞ்சுக்கிட்டு சொல்றாங்க. முருங்கைக்கீரை, பசலை, கொத்தமல்லித்தழை, முட்டைக்கோஸ் இதுல எல்லாம் வைட்டமின் கே இருக்கு, அசிட்ரோம் அந்த வைட்டமினோட வேலையத்தான் தடுக்குது. பிரச்சனை கீரை சாப்பிடறதுல இல்ல, இந்த வாரம் தினம் கீரை அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னு ஆடறதுல. வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு கரண்டி கீரை பொரியல்னா எல்லா வாரமும் அப்படியே இருக்கட்டும், டாக்டர் அந்த சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி டோஸ் வச்சிடுவார். சுகருக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்கன்னு திடீர்னு தினம் ஒரு டம்ளர் முருங்கை சூப் ஆரம்பிக்கறது, சத்து மாவு டப்பா, மல்டிவைட்டமின் மாத்திரை, இதுக்கெல்லாம் முன்னாடி கேளுங்க. சமையல்ல போடற பூண்டு, இஞ்சி, மஞ்சள் பத்தி கவலை வேண்டாம், அதையே செறிவாக்கி கேப்ஸ்யூலா விக்கறாங்க பாருங்க அதுதான் ரத்தக்கசிவ கூட்டும்.

நீங்க கேட்டதுலயே முக்கியமானது முட்டி வலி, அத கொஞ்சம் நிதானமா சொல்றேன். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நிமசுலைடு, கடைல வலி மாத்திரைன்னு கேட்டா எடுத்து நீட்டறது எல்லாமே இந்த குடும்பம்தான், அம்மாவுக்கு ஒண்ணு கூட ஆகாது. வயித்து உள்சுவர புண்ணாக்கும், தட்டணுவ மந்தமாக்கும், அசிட்ரோம் ஏற்கனவே உறையவிடாம வச்சிருக்கும், மூணும் சேந்தா கருப்பா தார் மாதிரி மலம் போற வரைக்கும் வெளிய தெரியாது. அது போக இந்த மாத்திரைங்க உப்பையும் தண்ணியையும் உடம்புல நிறுத்தும், டைட்டர் ஒரு பக்கம் தண்ணிய வெளியேத்த இது ஒரு பக்கம் தேக்க, காலு வீங்கி மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும். கிட்னி தளர்ந்தா டிகாக்சின் வெளிய போகாம ஏறும். ஒரு வலி மாத்திரைதானன்னு நினைக்கறது நாலு மாத்திரைல மூணோட மோதுது.

கிளினிக் ஊசி இத விட மோசம். நம்ம மக்களுக்கு ஊசி போட்டாத்தான் டாக்டர் நல்லா பாத்த மாதிரி, அங்கயும் பெரும்பாலும் போடறது டைக்ளோஃபினாக்தான், இடுப்புல தசைக்குள்ள. ரத்தம் உறையாத ஆளுக்கு தசைக்குள்ள ஊசி போட்டா உள்ளுக்குள்ளயே கசிஞ்சு பெரிய ரத்தக்கட்டா வீங்கும், நடக்கவே முடியாம வந்து படுத்தவங்க இருக்காங்க. எந்த கிளினிக் போனாலும் அம்மா வாயத் திறந்து சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், நான் அசிட்ரோம் சாப்பிடறேன், இடுப்புல ஊசி வேண்டாம். வேணும்னா ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வைங்க.

அப்ப வலிக்கு என்னதான் பண்றது? பாராசிட்டமால்தான். அதுவும் என்னிக்கோ ஒரு நாள் ஒண்ணு ரெண்டுன்னா பிரச்சனை இல்ல, தினமும் மூணு நாலுன்னு வாரக்கணக்குல ஓடினா அதுவே ஐஎன்ஆர ஏத்தும், அப்படி தேவைப்பட்டா சொல்லிட்டு ஒரு ஐஎன்ஆர் சேத்து எடுத்துக்கணும். வெந்நீர் ஒத்தடம், தொடை தசைக்கு பிசியோதெரபி பயிற்சி, கைத்தடி, எடை இருந்தா குறைக்கறது, இதுக்கெல்லாம் எந்த மாத்திரையோடயும் சண்டை இல்ல. மேல தடவற ஜெல் உள்ள போற அளவு கம்மி, ஆனா ரெண்டு முட்டிக்கும் தினம் மூணு வேளை பூசறதா இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. எண்ணெய் போட்டு அழுத்தி நீவி விடறவங்ககிட்ட மட்டும் போகாதீங்க.

அடுத்து ஆண்டிபயாடிக். வயித்துப்போக்குன்னா நம்ம ஊர்ல கண்ண மூடிக்கிட்டு மெட்ரோனிடசோல், இந்த மாத்திரை அசிட்ரோமோட சேந்தா ஐஎன்ஆர் கிடுகிடுன்னு ஏறும். கோட்ரைமாக்சசோல் அப்படித்தான், படர்தாமரைக்கு குடுக்கற ஃப்ளூகோனசோல் அப்படித்தான். சளிக்கு குடுக்கற கிளாரித்ரோமைசின் அசிட்ரோமையும் தூக்கும், டிகாக்சினையும் தூக்கும். டிபி மருந்துல இருக்கற ரிஃபாம்பிசின் தலைகீழ், அசிட்ரோம வேலை செய்யவிடாம பண்ணி ஐஎன்ஆர தரைக்கு கொண்டு வந்துடும், நிறுத்தினா திரும்ப எகிறும். இதுக்காக ஆண்டிபயாடிக்கே சாப்பிடக்கூடாதுன்னு இல்ல, தேவைன்னா சாப்பிடத்தான் வேணும், ஆனா ஆரம்பிச்ச 3, 4 நாள்ல ஒரு ஐஎன்ஆர், முடிச்ச பிறகு ஒண்ணு. சளி மாத்திரைலயும் ஃபினைலெஃப்ரின் கலந்தது நிறைய விக்குது, பிரஷரயும் ஏத்தும் படபடப்பையும் கிளப்பும், சும்மா மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கி போடாதீங்க.

வயித்துப்போக்குல இன்னொரு சங்கதி. நாலஞ்சு தடவை போனாலே உடம்புல தண்ணியும் பொட்டாசியமும் இறங்கும், டைட்டர் ஏற்கனவே பொட்டாசியத்த வெளியேத்துற மாத்திரை, பொட்டாசியம் குறைஞ்சா டிகாக்சினோட விஷத்தன்மை ஏறும், ரத்தத்துல அளவு சரியா இருந்தாலும் கூட. அதனால வாந்தி பேதி ஆரம்பிச்ச அன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணி டைட்டரையும் டிகாக்சினையும் என்ன பண்ணட்டும்னு கேளுங்க, சோடியம் பொட்டாசியம் கிரியாட்டினின் பாக்க சொல்வாங்க. ஏகாதசிக்கு தண்ணி கூட குடிக்காம விரதம் இருக்கற பழக்கம் அம்மாவுக்கு இருந்தா அதுவும் இதே கணக்குதான், மாத்திரைய தண்ணியோட போட்டுக்கறதால எந்த விரதமும் கெடாது.

டிகாக்சின் அளவு ஏறினா முதல்ல வர்றது என்ன தெரியுமா, பசியின்மை, குமட்டல், வாந்தி, சோர்வு. இத வீட்ல என்ன சொல்வாங்க, கேஸ் ட்ரபுள். கடைல போய் கேட்டா ஒரு கேஸ் மாத்திரையும் ஒரு வாந்தி மாத்திரையும் குடுத்து அனுப்பிடுவாங்க, ஒரு வாரம் அப்படியே ஓடும், அப்புறம் நாடி 40க்கு இறங்கி தலை சுத்தி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. பொருளெல்லாம் மஞ்சளா தெரியறது, விளக்க சுத்தி வளையம் தெரியறதுன்னு சிலர் சொல்வாங்க, அது எல்லாருக்கும் வராது, பசி போறதுதான் பொதுவான எச்சரிக்கை. இது இப்ப கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல, இந்த மருந்து வர்ற ஃபாக்ஸ்குளோவ் செடிய பத்தி இங்கிலாந்து டாக்டர் வில்லியம் விதரிங் 1785ல எழுதினப்பவே வாந்தியையும் மஞ்சள் பார்வையையும் நாடி மந்தமாகறதையும் எழுதி வச்சிட்டார், நோய்க்கு தேவையான அளவுக்கும் விஷமாகற அளவுக்கும் இடைவெளி அவ்வளவு கம்மி. வாரத்துல ரெண்டு நாள் லீவு விட்டு எழுதறதும் மொத்த அளவ குறைக்கத்தான், அதனால எந்த ரெண்டு நாள்னு வீட்ல எல்லாருக்கும் தெரியணும், சனி ஞாயிறுன்னு வச்சிட்டா குழப்பம் வராது.

நாடிய தினமும் காலைல எழுந்து கொஞ்ச நேரம் உக்காந்த பிறகு எண்ணுங்க, மணிக்கட்டுல மூணு விரல வச்சு முழுசா ஒரு நிமிஷம். 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கற குறுக்குவழி ஒழுங்கா அடிக்கற நாடிக்குத்தான், ஏஎஃப்ல தப்பா வரும். 50க்கு கீழயோ, சும்மா உக்காந்திருக்கும்போதே 110க்கு மேலயோ இருந்தா சொல்லுங்க, உங்க டாக்டர் வேற எண் குடுத்திருந்தா அதுதான் கணக்கு. வீட்டு பிபி மெஷினும் ஏஎஃப்ல ஒரு தடவைக்கு ஒண்ணு காட்டும், மூணு தடவை எடுத்து சராசரி போடுங்க.

உங்க அம்மா சீட்டுல இல்ல, ஆனா இதே நோய்க்கு நிறைய பேர் துடிப்ப கட்டுப்படுத்தற அமியோடரோன்னு ஒரு மாத்திரை சாப்பிடறாங்க, பின்னாடி அம்மாவுக்கும் எழுதலாம், அதனால நாலு வரி. எடைல மூணுல ஒரு பங்குக்கு மேல அயோடின் இருக்கற மருந்து அது, தைராய்ட ஏத்தவும் செய்யும் இறக்கவும் செய்யும், ஈரலையும் நுரையீரலையும் கூட தொடும், அதனால 6 மாசத்துக்கு ஒரு தடவை தைராய்டுக்கு டிஎஸ்எச் டெஸ்ட், ஈரல் டெஸ்ட், புதுசா வறட்டு இருமலோ மூச்சு வாங்கலோ வந்தா உடனே சொல்லணும், வெயில்ல தோல் கருக்கும். உடம்புல வாரக்கணக்கு மாசக்கணக்குல தங்கும், நிறுத்தின பிறகும். அசிட்ரோமோட சேந்தா ஐஎன்ஆர ஒரே நாள்ல ஏத்தாம வாரம் வாரமா ஏத்திக்கிட்டே போகும், அதனால சேத்த முதல் ரெண்டு மாசம் அடிக்கடி ரத்தம் பாக்கணும், டிகாக்சினையும் பொதுவா பாதியா குறைப்பாங்க. கேஸுக்குன்னு வீட்டுக்கு வீடு சாப்பிடற டாம்பெரிடோன் கலந்த மாத்திரையும் அசித்ரோமைசினும் இதோட சேந்தா இதயத்தோட மின்ஓட்டத்த ஆபத்தா மாத்தக்கூடும், அமியோடரோன் இருந்தா ரெண்டையும் கேக்காம தொடாதீங்க.

சித்தா, ஆயுர்வேதம் பக்கம் போறதா இருந்தா ரெண்டு டாக்டருக்கும் ஒருத்தரோட சீட்ட இன்னொருத்தருக்கு காட்டிட்டு போங்க. அதிமதுரம் தொண்டைக்கு நல்லதுன்னு தினம் கஷாயம் வச்சு குடிச்சா பொட்டாசியம் இறங்கும், டிகாக்சின் கதைய மேல சொல்லிட்டேன். பேர் போடாத பொடி, பொட்டலம் எதுவும் வேண்டாம்.

ஈறுல ரத்தம், மூக்குல ரத்தம் 10 நிமிஷம் அழுத்தியும் நிக்கலன்னா, சிவப்பா சிறுநீர், கருப்பு மலம், காரணமில்லாம நீலத்திட்டு, இதுக்கெல்லாம் அன்னிக்கே டாக்டர். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், ஆனா அத நாமளே முடிவு பண்ண வேண்டாம். பாத்ரூம்ல வழுக்கி தலைல அடிபட்டா காயமே இல்லன்னாலும் அம்மா நல்லா பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு போய் ஸ்கேன் எடுத்துடணும். வாய் ஒரு பக்கம் கோணல், ஒரு கை தூக்க முடியல, பேச்சு குழறல்னா 108, ஒரு நிமிஷம் கூட யோசிக்காதீங்க, கட்டிய கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் பொதுவான கெடு. அப்ப டாக்டர் கேக்கற முதல் கேள்வி ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறாங்களா, கடைசியா எப்ப போட்டாங்க, கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு, அதுக்கு பதில் இருக்கற அந்த நோட்ட கூடவே எடுத்துட்டு போங்க.

பல்லு புடுங்கணும்னு வேற கடைசி வரில கேட்டிருந்தீங்க. அசிட்ரோம நீங்களா அஞ்சு நாள் நிறுத்திட்டு போகாதீங்க, பல் டாக்டர் போன்லயே நிறுத்திட்டு வாங்கன்னு சொன்னாலும் கார்டியாலஜிஸ்ட்ட கேக்காம நிறுத்தாதீங்க. ஒண்ணு ரெண்டு பல்லுன்னா முந்தின நாள் ஐஎன்ஆர் பாத்து, 2க்கும் 3க்கும் நடுவுல இருந்தா மாத்திரை ஓடும்போதே எடுக்கலாம், தையல் போட்டு, ரத்தம் நிக்கறதுக்கு ட்ரானெக்சாமிக் ஆசிட் நனைச்ச பஞ்ச கடிச்சுக்க சொல்வாங்க. காலை நேரமா, வாரத்தோட ஆரம்பத்துல அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க, ராத்திரி கசிஞ்சா மறுநாள் டாக்டர் இருப்பார். பல்லு எடுத்த பிறகு வலிக்கு என்ன எழுதறாங்கன்னு மட்டும் சீட்ட வாங்கி ஒரு தடவை பாருங்க, பழக்க தோஷத்துல அங்கயும் டைக்ளோஃபினாக் தான் எழுதுவாங்க.